மகனை ஏன் தூரத்தில் வைத்திருக்கிறார்கள்?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள சிம்பாங் ரெங்கம் போன்ற தோட்டப்புறச் சிறுநகரில், நான் சிறைத்துறையில் கைதிகளை வகைப்படுத்தும் பணியில் இருந்தவன் என்று தெரிந்தால், கோயில் திருவிழாவிலும்கூடத் தாய்மார்கள் வந்து கேட்பார்கள்: "பக்கத்துலயே ஜெயில் இருக்கும்போது, எம்மகன ஏன் சார் அவ்வளவு தூரத்துல போட்டிருக்காங்க?"

அந்தக் கேள்வி நியாயமானது. ஐக்கிய நாட்டு நிறுவனம் கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 59-ஆவது விதி, கைதியை இயன்றவரை அவருடைய வீட்டுக்கு அருகில் வைக்கவேண்டும் என்கிறது. ஆனால் அதே விதிகள், விசாரணைக் கைதியைத் தண்டனை பெற்றவரிடமிருந்தும், இளையவரைப் பெரியவரிடமிருந்தும் பிரிக்கவும், பிறரைக் கெடுக்கக்கூடியவரைத் தனிப்படுத்தவும் சொல்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் வேலை இருந்தது.

குற்றத்தின் தன்மை, தண்டனைக் காலம், முந்தைய வழக்குகள், தப்பியோட முயன்ற வரலாறு ஆகியவை மாறாதவை. போதைப் பழக்கம், நடத்தை, குடும்ப உறவு ஆகியவை மாறக்கூடியவை. எவ்வளவு கடுமையான காவல், எந்தக் கட்டடம், எந்தப் பயிற்சி என்பதை இவையெல்லாம் சேர்ந்தே முடிவு செய்யவேண்டும். எனினும் நம் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு கேள்வி மற்றவற்றை மறைத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அது குண்டர் கும்பல் தொடர்பு பற்றியது. உள்துறை அமைச்சு 2013-இல் 49 சட்டவிரோதக் கும்பல்களைப் பட்டியலிட்ட பிறகு, கும்பலின் அடையாளமாகக் கையில் பச்சை குத்திய ஓர் எண்ணே சாட்சியாகிவிடும் ஆபத்து கூடியது. எதிரிக் கும்பல்களை ஒரே அறையில் அடைத்தால் இரத்தம் சிந்தும் என்பதால் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஆனால் பதினைந்து வயதில் தோட்டக் குடியிருப்பான லயத்து நண்பர்களோடு குத்திய எண்ணும், இன்றைய உண்மையான உறுப்பியமும் ஒன்றல்ல. அபாயம் குறைந்த இளைஞனை அபாயம் மிக்கவர்களோடு சேர்த்து வைத்தால் அவன் மேலும் கெடுவான் என்பதை ஆய்வுகளும் உறுதிப்படுத்தியுள்ளன.

ஆகவே, முதல் நேர்காணல் அவனுக்குப் புரியும் மொழியில் நடக்கவேண்டும் என்றும், வகை குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுபரிசீலனை செய்யப்படவேண்டும் என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன். தாய்மார்களிடமும் அதையே சொல்கிறேன்: வகை கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது என்று கேளுங்கள், இடமாற்றத்தை எழுத்தில் கோருங்கள், தூரம் என்று சந்திப்பை நிறுத்திவிடாதீர்கள். மலேசியாவில் 2008 முதல் நடப்பிலுள்ள, தண்டனை முடியுமுன்பே கண்காணிப்பின்கீழ் வெளியே விடும் பரோல் முறையில், வெளியே வருபவனை ஏற்கக் குடும்பம் இருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள்.