யாழ்ப்பாணக் கலியாணமும் நான்கு நீர்க்குளிசைகளும்

பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்க முடியாது என்பதால்தான் இதயத்துக்காக எடுத்த நீர்க்குளிசையை நிறுத்தினேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருக்கும் பெண்களிடம் மெல்லக் கேட்டுப் பாருங்கள், என்னைப் போல் செய்தவர்கள் அகப்படுவார்கள்.

எனக்கு 64 வயது, வீடு திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில். உப்பை ஒதுக்கச் சொல்லப்பட்டவளுக்கு வாய்த்த ஊர்ப்பெயர்! மாரடைப்பு வந்து மூன்று வருடங்களுக்குப் பிறகு, இதயம் பலவீனமாகிவிட்டதாக எக்கோ பரிசோதனையில் தெரிந்தது. இடது கீழறையில் நிறையும் இரத்தத்தில் பாதிக்கு மேல் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற வேண்டுமாம். எனக்கு 30 சதவீதம்தான். ஸ்பைரோனோலாக்டோன், எனலாப்ரில், கார்வெடிலோல், அவற்றோடு காலையில் 40 மில்லிகிராம் ஃபுரோசமைட் தந்தார்கள். கடைசியாகச் சொன்னது உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது. எங்கள் வீட்டில் யாரும் அதை அந்தப் பெயரால் சொல்வதில்லை, அது நீர்க்குளிசை.

தங்கையின் மகளுக்கு யாழ்ப்பாணத்தில் கலியாணம். போகும் நாள் பஸ், மறுநாள் பட்டுச்சேலை, அதற்கடுத்த நாள் வீடு நிறைய விருந்தாளிகளும் ஒரேயொரு கழிப்பறையும், பிறகு திரும்பி வரும் பஸ். நான்கு நாள், நான்கு குளிசை. இதற்கிடையில் பப்படமும் ஊறுகாயும் யாரும் வற்புறுத்தாமலே இலையில் விழுந்தன. நின்று நின்று முழங்கால் வலித்தபோது தெருமுனைப் பார்மசியில் டைக்ளோபெனாக் வாங்கினேன். என்ன வருத்தம், வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வகை வலிக்குளிசைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும், சிறுநீரகத்துக்கும் ஆகாது என்பது பிறகுதான் தெரிந்தது.

வீடு திரும்பியதும், குனிந்து செருப்பு வாரை மாட்டும்போது மூச்சு முட்டியது. வயதாகிறது என்றேன். படுத்தால் வறட்டு இருமல். அது பஸ் தூசி. இரண்டு தலையணை மூன்றாயிற்று. பாவாடை நாடா இடுப்பில் சிவப்பாகப் பதிந்தது, கலியாணச் சாப்பாட்டில் கொழுத்துவிட்டேனாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு, தண்ணீருக்குள் யாரோ அமுக்கியது போல விழித்து எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தார். அம்புலன்ஸில் படுக்கச் சொன்னபோது முடியாது என்று கையைத்தான் அசைக்க முடிந்தது.

ஒட்சிசன் வைத்து, நீர்மருந்தை ஊசியாக ஏற்றினார்கள். ஐந்து நாளில் நான்கு கிலோ இறங்கிற்று. கிலோவுக்கு ஒரு லீற்றர் என்று கணக்குப் பாருங்கள், நான்கு போத்தல் தண்ணீரைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

வீடு போகும் நாளில் ஒரு தாதி என் கணைக்காலில் பெருவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். முதல் நாள் அங்கே கொட்டைப்பாக்கு அளவுக்குக் குழி விழுந்து, நிரம்ப நேரம் பிடித்தது. இப்போது குழியில்லை. கொப்பியின் முதல் பக்கத்தில் 58.4 என்று எழுதிச் சுற்றி வட்டம் போட்டார். "அம்மா, நீர் வடிந்த பிறகு இதுதான் உங்கள் எடை. மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையில்லை, தண்ணீர். மூச்சு முட்டும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் வந்துவிடுங்கள்."

அன்று முதல் எடைத் தராசுதான் காலையில் முதல் வேலை. சிறுநீர் கழித்தபின், தேநீருக்கு முன், அதே இரவு உடுப்போடு. முதல் கிழமை எண் தாறுமாறாக ஆடியது. பார்த்தால், என் கால் குளிருமென்று இவர் தராசைத் தும்புக் கம்பளத்தின் மேல் வைத்திருக்கிறார்! சீமெந்துத் தரைக்கு வந்ததும் அடங்கியது.

உப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆகையால் நீட்டவில்லை. கருவாட்டை விட்டது பெரிய துக்கம். பாணிலும் சூப் கட்டியிலும் உப்பு ஒளிந்திருக்கிறது என்பது புதுச் செய்தி. கனடாவிலிருந்து மருமகன் 'சோடியம் குறைந்த உப்பு' என்று ஒரு டப்பா அனுப்பினார். நல்ல மனம். டாக்டர் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு அதை என்னிடம் தரவேயில்லை. அது பொட்டாசியம் உப்பு. ஸ்பைரோனோலாக்டோனும் எனலாப்ரிலும் ஏற்கெனவே பொட்டாசியத்தை உடம்பில் கூட்டும், மேலும் ஏறினால் இதயத்துடிப்பே குழம்பிவிடும் என்றார். பொட்டாசியம் உள்ள செவ்விளநீருக்கும் அன்றே தடை.

மாரிமழையோடு உடம்பில் நீர் மறுபடி தேங்கியது. காய்ச்சல், சளி. திங்கள் 58.5, செவ்வாய் 59.3, வியாழன் 60.6. மூச்சில் பெரிய மாற்றமில்லை, கொப்பி மட்டும்தான் சொன்னது. கிளினிக் நாள் இல்லாவிட்டாலும் போனோம். டாக்டர் மூன்று நாளைக்கு நீர்க்குளிசையை இரட்டிப்பாக்கி, நெஞ்சுச் சளிக்கு மருந்து தந்து, சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இரத்தம் பார்த்தார். ஞாயிறு காலை 58.7. ஒரு இரவுகூட வார்ட்டில் படுக்கவில்லை. இதைக் கேட்ட பக்கத்து வீட்டு அக்கா, தானும் கால் வீங்கினால் இரண்டாக விழுங்கப்போவதாகச் சொன்னார். வேண்டாம் அக்கா, நீர் அளவுக்கு மிஞ்சி வடிந்தால் தலைசுற்றி விழுவீர்கள், சிறுநீரகமும் கெடும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றேன். சளிக்காய்ச்சலுக்கான (இன்புளுவன்சா) தடுப்பூசியையும் அப்போதுதான் போட்டுக்கொண்டேன்.

பஸ் சங்கதியையும் ஒருவழியாக டாக்டரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "பயண நாளில் காலையில் வேண்டாம், போய்ச் சேர்ந்தபின் பின்னேரம் போடுங்கள். விடத்தான் கூடாது" என்று எழுதித் தந்தார். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் மட்டக்களப்பில் ஒரு வீடு குடிபூரல். தராசையும் எடுத்துக்கொண்டு போகலாமா என்று இவர் கேட்கிறார். பஸ்ஸில் மடியில் வைத்திருப்பது அவர் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.