வேளாங்கண்ணியிலிருந்து தரங்கம்பாடிக்கு: இரண்டு பீடங்கள்

வேளாங்கண்ணிப் பேராலய வாசலில் ஒரு மூதாட்டி தீர்த்தத் தொட்டியில் விரல் நுனியை நனைத்துச் சிலுவை வரைந்துகொண்டார். மிஞ்சிய ஈரத்தை இடுப்பிலிருந்த பேரனின் நெற்றியிலும் ஒற்றினார். திருமுழுக்கை நினைவூட்டும் நீர் அது. உள்ளே நுழையும்போதே அந்த நினைவைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகவே தொட்டி வாசலில் இருக்கிறது.

இங்கு வருவோரின் கண் முதலில் போவது, பீடத்துக்கு மேலே சேலை அணிந்து நிற்கும் மாதாவிடம்தான். ஆனால் கத்தோலிக்க முறைப்படி ஆலயத்தின் நடுநாயகம் பீடமே. திருப்பலியின் தொடக்கத்தில் குருவானவர் அதைக் குனிந்து முத்தமிடுகிறார். புனிதர்களின் திருப்பண்டத்தை, அதாவது அவர்களின் எலும்பு போன்ற எச்சங்களை, பீடத்தினுள் வைப்பதும் பழைய மரபு. நற்கருணைப் பேழையில் இருக்கும் அப்பம் கிறிஸ்துவின் உடலே என்பது நம்பிக்கையாதலால், அதனருகே விளக்கு அணையாமல் எரிகிறது, கடந்து செல்பவர் முழங்கால் மடக்குகிறார். பேழையை எடுத்துவிட்டால் விளக்குக்கும் வேலையில்லை, முழங்காலுக்கும் வேலையில்லை.

நாகப்பட்டினம், காரைக்கால் வழியாகத் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தபோது இதை நேரிலேயே பார்க்க முடிந்தது. 1706இல் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவின் காலத்தில் கட்டப்பட்டு, 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவில் நிற்கிறது. முகப்பில், அப்போது இவ்வூரை ஆண்ட டென்மார்க் மன்னரின் முத்திரை. பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சீர்திருத்தச் சபை என்றாலே வெறுஞ்சுவர்தான் என்று நினைப்பவர்களை இங்குள்ள பீடம் சற்றுத் திகைக்க வைக்கும். அந்தச் சீர்திருத்தத்தின்போது சூரிச் நகரில் 1524இல் ஆலயச் சுரூபங்களையெல்லாம் அகற்றினார்கள். சீர்திருத்தத்தை ஜெர்மனியில் தொடங்கிவைத்த மார்ட்டின் லுத்தரோ அந்த அளவுக்குப் போகவில்லை. அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறார் என்று அவரும் போதித்தார். ஆனால் அது உண்பதற்கும் பருகுவதற்கும் அளிக்கப்பட்ட திருவிருந்து. எடுத்து வைத்து ஆராதிப்பதற்கு அன்று என்பது லுத்தரன் நிலை. அதனால் பீடம் இருக்கிறது, பேழை இல்லை.

மற்றொரு மையம் பிரசங்க பீடம். வேதவசனம் மக்களின் மொழியில் வாசிக்கப்பட்டு விளக்கப்பட வேண்டும் என்பதில்தான் இந்தச் சபையின் உயிர் இருக்கிறது. தமிழ்ப் புதிய ஏற்பாட்டை இதே ஊரில் அச்சேற்றிய சீகன்பால்கு, 1719இல் தமது 36ஆம் வயதில் இறந்து, இந்த ஆலயத்தின் பீடத்தருகே அடக்கம் செய்யப்பட்டார். கத்தோலிக்க ஆலயமாக இருந்தால், பெயர்பெற்ற ஒரு போதகரின் கல்லறைமேல் மாலையும் மெழுகுவர்த்தியும் குவிந்திருக்கும், முன்னே வேண்டுதலும் நடக்கும். இறந்தோரிடம் பரிந்துரை கேட்கும் வழக்கம் லுத்தரன் சபைக்கு இல்லை. வந்தவர்கள் கல்லில் பொறித்த எழுத்துகளைக் குனிந்து படித்துவிட்டு நகர்ந்தார்கள்.