டிஸ்போஸ்டுன்னா வடை வாங்கித் தரலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்துப் பிரவுசிங் சென்டர்களில் கோர்ட் நாள் என்றால் காலை 9 மணிக்கே கூட்டம் வந்துவிடும். பாதிப் பேர் ஜெராக்ஸுக்கு. மீதிப் பேர் தங்கள் கேஸ் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்க்க. வக்கீலைக் கேட்டால் "வாய்தா ஆயிருக்குங்க" என்பார். என்ன தேதிக்கு என்று கேட்பதற்குள் போன் கட்டாகிவிடும்.

அப்படி ஒரு நாள் குள்ளஞ்சாவடிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் மஞ்சப்பையோடு வந்தார். முந்திரித் தோப்பு எல்லைத் தகராறு. பையிலிருந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பேனாவில் 'ஓ.எஸ். 214' என்று இருந்தது. ஓ.எஸ். என்றால் சிவில் கோர்ட்டில் போடுகிற அசல் வழக்கு. அதற்குப் பக்கத்தில் வருஷம் இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் முந்திரிக்கொட்டை எண்ணெய்க் கறைதான் இருந்தது.

"தம்பி, இந்தக் கேஸு உசுரோட இருக்குதான்னு பாரு."

கடைத் தம்பி சர்வீசஸ் டாட் இ-கோர்ட்ஸ் டாட் ஜிஓவி டாட் இன் பக்கத்தைத் திறந்தான். அதில் பார்க்கக் காசு கிடையாது. கடைக்காரர் வாங்குவது உட்கார்ந்து தேடிக் கொடுப்பதற்கான கூலி. 'அரசாங்கக் கட்டணம்' என்று யாராவது தனியாகக் கேட்டால் அது அவர் சொந்த அரசாங்கம்.

அவன் 'ஓ.எஸ். 214' என்பதை அப்படியே எண் கட்டத்தில் அடித்தான். வரவில்லை. வராது. அந்தப் பக்கத்தில் வழக்கு வகைக்கு ஒரு கட்டம், எண்ணுக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று என்று மூன்று இருக்கின்றன. ஓ.எஸ். என்பதை வகைப் பட்டியலில் தேடி எடுக்க வேண்டும், எண் கட்டத்தில் 214 மட்டும் போக வேண்டும். அதற்கும் முன்னால் மாநிலம், மாவட்டம், எந்த நீதிமன்ற வளாகம் என்பதையெல்லாம் சொல்லியாக வேண்டும்.

"எந்தக் கோர்ட்டுங்கய்யா?"

"கடலூர் கோர்ட்டுதான். வேற எது?"

வேறு நிறைய இருக்கிறது. மாவட்டத்துக்குள் சிதம்பரம், விருத்தாசலம், பண்ருட்டி, நெய்வேலி என்று தனித்தனி வளாகங்கள். கடலூரிலேயே முன்சீப் கோர்ட், சப் கோர்ட், மாவட்டக் கோர்ட். ஒவ்வொன்றும் ஜனவரி பிறந்ததும் 1-லிருந்து எண் போட ஆரம்பிக்கும். ஆகவே ஒரே வருஷத்தில் முன்சீப் கோர்ட்டிலும் ஒரு 214 இருக்கலாம், சப் கோர்ட்டிலும் ஒரு 214 இருக்கலாம். அடுத்தவர் பாகப்பிரிவினையைத் திறந்து வைத்துக்கொண்டு "இது நம்ம தங்கச்சி புருஷன் பேரு இல்லையே" என்று முழிப்பவர்கள் வாரத்துக்கு நாலு பேர்.

சரி, பெயரை வைத்துத் தேடலாம் என்றான் தம்பி. பெரியவர் பெயர் ஏழுமலை. கடலூர் மாவட்டத்தில் ஏழுமலை என்று பெயர் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் தேடுவது, சில்வர் பீச்சில் உப்பு தேடுகிற மாதிரி. அதிலும் ஆங்கிலத்தில் அது எப்படி ஏறியிருக்கிறது என்பது அன்றைக்குத் தட்டச்சு செய்தவரின் காதைப் பொறுத்தது. இ-எல் என்று தொடங்கலாம், இ-இசட்-எச் என்று தொடங்கலாம், ஒய்-யில்கூடத் தொடங்கலாம். இனிஷியல் முன்னால் இருக்குமா பின்னால் இருக்குமா என்பதற்கும் உத்தரவாதமில்லை. ஆகவே இனிஷியலை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் அடிப்பதே நல்லது. குறைந்தது மூன்று எழுத்தாவது வேண்டும்.

இங்கே ஒரு எளிய வழி உண்டு. பெயர்க் கட்டத்துக்கு வாதி பெயரும் ஒன்றுதான், பிரதிவாதி பெயரும் ஒன்றுதான். உங்கள் பெயர் ஊரெல்லாம் இருந்தால் எதிராளி பெயரைப் போடுங்கள்.

"எதிர்பார்ட்டி பேரு?"

"தனகோட்டி. அந்தப் பேர என் வாயால சொல்லமாட்டேன்னு இருந்தேன். சொல்ல வச்சிட்ட."

டி-எச்-ஏ, டி-ஏ, இரண்டும் இல்லாத வேறு ஒன்று என்று தனகோட்டிக்கும் மூன்று அவதாரம். நடுவில் கேப்ட்சா என்கிற அந்தக் கோணல் எழுத்துப் படம் வேறு, அதைப் படித்து அடித்தால்தான் தேடும். ஒவ்வொரு தேடலுக்கும் புதிதாக வரும். புரியாவிட்டால் பக்கத்தில் இருக்கிற வட்ட அம்பை அழுத்தி வேறு படம் வாங்கலாம். யோசித்துக்கொண்டே இருந்தால் நேரம் முடிந்துபோய் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லும். பின்னால் போகிற பொத்தானை அழுத்தினாலும் பெரும்பாலும் அதே கதி.

பின்னால் காத்திருந்த ஒரு அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. அரியாங்குப்பம். வீட்டுக்காரர் பைக்கில் வந்தபோது கன்னியக்கோவில் பக்கம் விபத்து. இழப்பீட்டுக்கு எம்.சி.ஓ.பி. என்கிற மனு போட்டிருக்கிறார்கள்.

"கடலூர்ல ரெண்டு நாளா தேடறாங்க, இல்லங்கறாங்க தம்பி."

"பாண்டில போட்டீங்களா, இங்க போட்டீங்களாக்கா?"

"வக்கீல் பாண்டி. ஆஸ்பத்திரி பாண்டி. இடிச்ச லாரி கடலூரு."

விபத்து இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இடத்திலும் போடலாம், மனுதாரர் குடியிருக்கிற இடத்திலும் போடலாம், எதிர்மனுதாரர் இருக்கிற இடத்திலும் போடலாம். ஆகவே லாரியைப் பார்த்துக் கோர்ட்டை ஊகிக்கக் கூடாது. பாண்டியில் போட்டிருந்தால், மாநிலப் பட்டியலில் தமிழ்நாட்டை விட்டுப் புதுச்சேரியைத் தனியாக எடுக்க வேண்டும். பஸ்ஸில் ஒரு தூக்கம் போடுவதற்குள் வருகிற ஊர் என்றாலும் இணையதளத்துக்கு அது வேறு மாநிலம். ஆனால் அப்பீல் என்று வந்தால் இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

தம்பி புதுச்சேரியை எடுத்து முருகன் என்று நம்மூர் வழக்கப்படி அடித்தான். ஏகப்பட்ட முருகன்கள் வந்தார்கள். அக்கா வீட்டு முருகன் இல்லை. அக்கா சிரித்தார்.

"பாண்டில முருகன் அப்படி வரமாட்டாரு தம்பி. எம்-ஓ-யு-ஆர்-ஓ-யு-ஜி-ஏ-என்-இ. ஆதார்லயே அப்படித்தான்."

பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அவன் எழுத்துக்கூட்டல் மட்டும் ரேஷன் கார்டில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே குமார் சி-யில் தொடங்குவார், ராஜூவுக்கு நடுவில் ஒரு டி இருக்கும். பாண்டிக் கேஸ் தேடுகிறவர்கள் சம்பந்தப்பட்டவரின் அடையாள அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு அடித்தால் அரை மணி நேரம் மிச்சம். அக்காவுக்கு வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

இவ்வளவு கூத்துக்கும் மாற்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கேஸுக்கும் தனியாக இருக்கிற சி.என்.ஆர். எண். 16 இடம். முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், அதற்கடுத்த இரண்டு எந்தக் கோர்ட் என்பதற்கு, பிறகு ஆறு இலக்க எண், கடைசி நான்கு வருஷம். நடுவில் கோடு, புள்ளி, இடைவெளி எதுவும் கிடையாது. இதை அடித்தால் மாவட்டமும் கேட்காது, தனகோட்டியும் வேண்டாம், நேராகக் கேஸ் திறந்துவிடும். எழுதி வைக்கிறவர்கள் செய்கிற ஒரே தப்பு பூஜ்ஜியத்தை 'ஓ' என்று படிப்பது. கடைசிப் பத்து இடங்களும் எண்கள்தாம், அங்கே வட்டமாக எது இருந்தாலும் பூஜ்ஜியம். இந்த எண்ணை ஒருமுறை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுச் சேமித்துவிட்டால் பிறகு பிரவுசிங் சென்டருக்கே வர வேண்டாம். கடைத் தம்பிகள் இதை யாருக்கும் சொல்வதில்லை என்பது அவரவர் பிழைப்பு.

பெரியவரிடம் சி.என்.ஆர். இல்லை. ஆனால் மூன்றாவது தனகோட்டியில் கேஸ் மாட்டியது. ஏன் இவ்வளவு நேரம் வரவில்லை என்றால், 'நிலுவை' என்ற பொத்தான் முன்கூட்டியே அழுத்தப்பட்டிருந்தது. முடிந்த கேஸ் அதில் வராது. 'இரண்டும்' என்று மாற்றிய பிறகுதான் தலை காட்டியது. ஓ.எஸ். 214, வருஷம் 2017. நிலை: டிஸ்போஸ்டு.

"அப்படின்னா?"

"கேஸு முடிஞ்சிருச்சுங்கய்யா."

பெரியவர் எழுந்தே விட்டார். "பாத்தியா! நான் ஒரு வாய்தாவுக்கும் போவல. போவாமலே முடிஞ்சிருச்சு!" பக்கத்து டீக்கடையில் எல்லோருக்கும் வடை சொன்னார். அக்காவுக்கும் ஒன்று.

வடை வந்து பாதி கடித்திருக்கும்போதுதான் தம்பி கீழே நகர்த்தினான். முடிந்த விதம்: போட்டியில்லாமல், எக்ஸ்பார்ட்டி டிகிரி. அதாவது ஒருதலைத் தீர்ப்பு.

டிஸ்போஸ்டு என்பது கோர்ட்டின் மேஜையிலிருந்து அந்தக் கட்டு இறங்கிவிட்டது என்பதை மட்டும் சொல்கிற வார்த்தை. ஜெயித்தது யார் என்று அதில் இருக்காது. வாதி வராமல் தள்ளுபடியானாலும் டிஸ்போஸ்டு, பிரதிவாதி வராமல் ஒருதலையாகத் தீர்ப்பானாலும் டிஸ்போஸ்டு, வேறு கோர்ட்டுக்கு மாற்றினாலும் பழைய எண்ணில் டிஸ்போஸ்டு. கீழே உள்ள தேதிகள் ஒவ்வொன்றையும் அழுத்தினால் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு வரி வரும். அவை அழுத்தக்கூடிய தேதிகள் என்பதே பலருக்குத் தெரியாது. பெரியவருக்கு வந்த வரிகள் எல்லாம் ஒரே பல்லவி: பிரதிவாதி அழைக்கப்பட்டார், வரவில்லை.

"தனகோட்டி சமாதானமா போயிரலாம்னு சொன்னானே..."

ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்ய மனுப் போட 30 நாள். தீர்ப்புத் தேதியிலிருந்து. சம்மன் முறையாகக் கிடைக்கவில்லை என்றால் தெரியவந்த நாளிலிருந்து. அதைத் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனுவும், நம்பும்படியான காரணமும் வேண்டும். இங்கே டிகிரியின் தேதி 2019.

தம்பி தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். அதைக் கொண்டுபோய் அப்பீல் போட முடியாது. படிப்பதற்கு மட்டும்தான். கோர்ட் ஏற்பது நகல் பிரிவில் மனுப் போட்டு வாங்குகிற சான்றிட்ட நகலை. அதில் மனுப் போட்ட தேதி, முத்திரைத்தாள் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் குறித்திருப்பார்கள். கெடு கணக்கிடும்போது அந்த நாட்கள் கழிபடும், அதனால் அந்த நகலை லேமினேட் செய்யாமல் பத்திரமாக வைத்தால் போதும். இணையதளத்துப் பக்கத்தின் இணைப்பை வாட்ஸப்பில் மருமகனுக்கு அனுப்பிவிட்டு "திறக்கல" என்று திட்டுவதும் வீண். அது அந்த நேரத்துக்கு மட்டும் உயிரோடு இருக்கிற இணைப்பு. கோப்பை இறக்கிச் சேமித்து, அந்தக் கோப்பைத்தான் அனுப்ப வேண்டும்.

அக்காதான் கேட்டார். "தீர்ப்பு வாங்கினவரு சும்மாவா இருப்பாரு? இ.பி. போட்டிருக்காரா பாரு தம்பி."

நிறைவேற்று மனு. அது இந்த ஓ.எஸ். பக்கத்தில் தெரியும் என்று நம்பி இருக்கக் கூடாது. அதற்குத் தனி எண், தனி சி.என்.ஆர். நிலத்தை ஒப்படைக்கச் சொல்கிற சுவாதீன டிகிரியை 12 வருஷம் வரை நிறைவேற்றக் கேட்கலாம். பெயர்த் தேடலில் போடுகிற வருஷம் மனு பதிவான வருஷம், 2017 என்று போட்டால் மாட்டாது. தம்பி 2019, 2020 என்று ஒவ்வொன்றாக ஏறினான், வருஷத்துக்கு ஒரு கோணல் படம் என்ற கணக்கில். ஐந்தாவது படத்தில் அகப்பட்டது. நிலுவை. நிலை: நோட்டீஸ். அதற்கு முந்தைய தேதியை அழுத்தினான்: ஜே.டி.க்கு அனுப்பிய நோட்டீஸ் 'மறுக்கப்பட்டது' என்று திரும்பியது.

"யாருய்யா அந்த ஜே.டி.?"

"தீர்ப்புக் கடனாளிங்கய்யா. நீங்கதான்."

"நான் யார்கிட்டயும் கடன் வாங்கலயே!" என்றவர் கொஞ்ச நேரம் கழித்து, "தபால்காரன் வந்தான். கையெழுத்துப் போட்டாத்தானே கேஸுன்னு திருப்பி அனுப்பிட்டேன்" என்றார்.

வாங்க மறுத்த தபாலைக் கோர்ட் வாங்கியதாகவே எடுத்துக்கொள்ளலாம். இதைச் சொல்லத் தம்பி வாயெடுப்பதற்குள் அடுத்த தேதி எது என்று அக்கா எட்டிப் பார்த்தார். சுவரில் தொங்கிய காலண்டரையும் பார்த்தார்.

"ஐயா, அது இன்னிக்கு."

மணி 10.50. கோர்ட் உட்கார்வது 10.30. தளத்தில் தேதி ஏறுவதில் தவறு வரும், கோர்ட் வாசல் பலகையில் ஒட்டியிருக்கிற பட்டியல்தான் பேசும், போய்ப் பார்த்துவிடுங்கள் என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியவர் படியில் இல்லை. மஞ்சப்பை நாற்காலியில் இருந்தது. தம்பி அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான். அவனுக்குப் பின்னால் டீக்கடைக்காரர், வடைக் காசுக்காக.