பக்கத்து வரிசைக்குக் காசு கொடுக்கலாமா?

போன விடுமுறையில் ஒரு பெரிய தீம் பார்க்கில், ரைடுக்கு இருபதடி தூரத்தில் நிற்கும்போது என் பையன் எண்ண ஆரம்பித்தான். அந்த இடத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முக்கால் மணி நேரமாகக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வந்த நம் வரிசையும், டிக்கெட்டுக்கு மேல் தனிக் காசு கொடுத்துப் பாஸ் வாங்கியதால் யாருமே நிற்காமல் விறுவிறுவென்று நடந்து வருகிற பாஸ்காரர்களின் வரிசையும் ஒன்றாகச் சேரும் இடம். நடுவில் ஒரு பெண், கையில் ஸ்கேனர். எங்கள் பக்கம் உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்தை விட்டுக்கொண்டே இருந்தார். "அப்பா, அவங்க பதினாலு பேர், நாம மூணு பேர்" என்றான். அடுத்த தடவை பதினொன்றுக்கு இரண்டு. அதற்கடுத்து அந்தப் பக்கம் ஒரு பெரிய கும்பலே வந்துவிட, இருபதுக்கு நான்கு. பையனுக்கு அது விளையாட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அந்த ரோலர் கோஸ்டர் மணிக்கு 1,200 பேரை ஏற்றி இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம், பெரிய பார்க்குகளில் அது சாதாரண வேகம்தான். ஐந்து பாஸ்காரர்களுக்கு எங்களில் ஒருவர் என்று விட்டால், சாதா வரிசைக்கு மணிக்கு 200 இடம்தான் மிஞ்சும். எங்களுக்கு முன்னால் 200 பேர் நின்றிருந்தால், பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய வரிசை ஒரு மணி நேரம் ஆகிறது. வாசலில் இருந்த பலகையும் அறுபது நிமிடம் என்றுதான் சொன்னது! நாள் முழுக்க இதே விகிதத்தில் விடமாட்டார்கள், பாஸ் வரிசை காலியானதும் நம் பக்கம் மளமளவென்று நகரும். பாஸே இல்லையென்றால் அவர்களும் நம் வரிசையில்தான் நின்றிருப்பார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் இத்தனை ரைடுகளுக்கு நின்றிருப்பார்களா என்று கேட்டால், மாட்டார்கள். ஒரு நாளில் ஐந்து ஏறுகிறவர் பாஸ் இருந்தால் பத்து ஏறுகிறார், அந்தக் கூடுதல் ஐந்து இடமும் நம் வரிசையிலிருந்துதான் போகிறது. நம்மை நிற்கவைக்கிற பாஸைத்தான், நிற்காமல் இருப்பதற்காக நமக்கு விற்கிறார்கள்.

சரி, கோபம் இருக்கட்டும். வாங்குவதா வேண்டாமா என்பதற்குக் கோபம் பதில் சொல்லாது. நான் இரண்டு பக்கமும் அடிபட்டவன், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதல் அடி, தேவையில்லாத நாளில் வாங்கியது. பள்ளிகள் நடக்கிற சமயம், வாரத்தின் நடுநாள், வானமும் மூட்டமாக இருந்தது. முந்தின நாள் இரவு "நாளைக்கு விலை ஏறிடும், தீர்ந்துடும்" என்கிற பயத்தில் போனிலேயே நான்கு பேருக்கும் வாங்கிவிட்டேன். மறுநாள் போனால் பாதி ரைடுகளில் பத்து நிமிடம்கூட நிற்க வேண்டியதில்லை. சாதா வரிசைக்காரர்களும் நாங்களும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்குள் ஒரே வேகத்தில் நடந்து போனோம். இரண்டாவது ரைடின் வாசலில் இருந்த அளவுகோலில் என் மகள் நின்றாள். குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள், அந்த ஊழியர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். இரண்டு சென்டிமீட்டர் குறைவு. அந்த ரைடு மட்டுமல்ல, பாஸில் இருந்த பெரிய ரைடுகளில் முக்கால்வாசி அவளுக்குக் கிடையாது. அவள் ஏறக்கூடிய சின்ன ரைடுகளில் பலவற்றுக்குப் பாஸ் வரிசையே இல்லை. ஆக அவளுடைய பாஸ் மணிக்கட்டில் ஒரு கலர் பட்டையாக மட்டும் மாலைவரை இருந்தது. அவளுக்கு அதுவே சந்தோஷம், அது வேறு விஷயம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் தயவுசெய்து இதை முதலில் செய்யுங்கள். பார்க்கின் தளத்தில் ஒவ்வொரு ரைடுக்கும் உயர வரம்பு போட்டிருப்பார்கள். வீட்டிலேயே குழந்தையை அளந்துவிட்டு, பாஸ் பட்டியலை அப்புறம் பாருங்கள்.

அந்தப் பட்டியலையும் உன்னிப்பாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் கூட்டம் எதற்காக வருகிறதோ அந்தப் புது ரைடே பல சமயம் பாஸில் இருக்காது. அமெரிக்காவில் ஆர்லாண்டோவின் யுனிவர்சல் பார்க்கில் 2019 ஜூனில் ஹாக்ரிட் மோட்டார்பைக் கோஸ்டரைத் திறந்தார்கள். பல மணி நேர வரிசை. எக்ஸ்பிரஸ் பாஸ் (அங்கே வரிசை தாண்டும் பாஸின் பெயர்) வைத்திருந்தவர்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள், அந்த ரைடு அப்போது எக்ஸ்பிரஸில் சேர்க்கப்படவில்லை. ஒரு பாஸை வைத்து நாம் தாண்ட நினைக்கிற வரிசையும் அந்தப் பாஸ் தாண்டவைக்கிற வரிசையும் ஒன்றுதானா என்று பார்க்காமல் பணம் கட்டவே கூடாது.

பெயர்கள் வேறு தலையைச் சுற்றவைக்கும். டிஸ்னி 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் என்று கொண்டுவந்தது இலவசம். ரைடு வாசலில் இருக்கும் இயந்திரத்தில் டிக்கெட்டைச் செருகினால், இத்தனை மணிக்குத் திரும்பி வா என்று ஒரு துண்டுச் சீட்டு வரும், அவ்வளவுதான். 2021-இல் ஃப்ளோரிடா டிஸ்னியில் அந்த இடத்துக்கு ஜீனி பிளஸ் வந்தது, காசும் கூடவே வந்தது. 2024 ஜூலையில் அதன் பெயர் லைட்னிங் லேன் மல்டி பாஸ் ஆனது. இதில் சேராத ஒன்றிரண்டு பெரிய ரைடுகளுக்குத் தனியாக சிங்கிள் பாஸ். அதே வருடக் கடைசியில், நேரம் குறிக்காமல் நேரே போகலாம் என்று பிரீமியர் பாஸ், விலையும் பெயருக்கேற்ற மாதிரிதான். 25 வருடத்தில் இலவசத் துண்டுச் சீட்டு எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

பெயரை விடுங்கள், நாம் எதை வாங்குகிறோம் என்பதைப் பார்க்கலாம். கையைக் காட்டி எப்போது வேண்டுமானாலும் நுழையலாம் என்பது ஒரு வகை. யுனிவர்சலில் இதிலேயே ஒரு ரைடுக்கு ஒரு தடவை, எத்தனை தடவை வேண்டுமானாலும் என்று இரண்டு விதம் உண்டு. நேரம் பதிவுசெய்து அந்த நேரத்துக்குப் போவது இன்னொரு வகை, டிஸ்னியின் மல்டி பாஸ் அப்படி. நமக்குப் பதிலாக ஒரு கருவியோ செயலியோ வரிசையில் "நிற்க", நாம் வெளியே திரிவது மூன்றாவது வகை. சிக்ஸ் ஃப்ளாக்ஸ் என்ற அமெரிக்கத் தீம் பார்க் நிறுவனம் பல வருடம் விற்ற ஃப்ளாஷ் பாஸ் இந்த ரகம், அதில் அடிமட்டப் பாஸ் வாங்கினால் காத்திருக்கும் நேரம் குறையாது, நிற்கும் இடம்தான் மாறும். குறைய வேண்டுமென்றால் மேல்மட்டப் பாஸ்.

எனக்கு இரண்டாவது வகையோடு ஒத்துப்போகவில்லை. பதிவு வகைப் பாஸ் வாங்கினால் வீட்டில் ஒருவர் அன்று முழுக்க போனுக்கு அடிமை. ஒன்றை முடித்ததும் அடுத்ததைப் பதிய வேண்டும், நேரம் தள்ளிப் போயிருக்கும், பார்க்கின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட வேண்டும், பேட்டரி செத்துக்கொண்டிருக்கும். அப்படி ஒரு பாஸ் வாங்கிய நாளில் மதியம் என் மனைவி கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "நீங்க எங்களோட வந்தீங்களா, அந்த போனோட வந்தீங்களா?" வரிசையில் நின்றிருந்தாலாவது நான்கு பேரும் பேசிக்கொண்டு நின்றிருப்போம். இதில் திறமைசாலிகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நான் அந்த ஜாதி இல்லை.

இரண்டாவது அடி அதற்கு நேர் எதிர். வாங்காமல் போய் மாட்டிக்கொண்டது. நீண்ட வார விடுமுறை, எங்களுக்கு இருந்ததோ ஒரே நாள். "பாஸெல்லாம் ஏமாத்து வேலை, காலையிலேயே போனாப் போதும்" என்று வீராப்பாகக் கிளம்பினேன். காலையில் போனால் போதும் என்பது உண்மைதான், நாங்கள் காலையில் போகவில்லை. உள்ளே நுழையும்போது பத்தரை. முதல் வரிசை எண்பது நிமிடம், அதில் ஐம்பதாவது நிமிடத்தில் மகளுக்கு பாத்ரூம் போக வேண்டும். நானும் அவளும் வரிசையிலிருந்த எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்னால் வந்து, மறுபடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே முன்னால் போனோம். அன்று மொத்தம் நான்கு ரைடு. பிற்பகல் மூன்று மணிக்குப் பாஸ் வாங்கலாம் என்று கவுன்ட்டருக்குப் போனால், தீர்ந்துவிட்டது.

இந்த இரண்டு அடிக்குப் பிறகு நான் செய்வது ஒரு துண்டுத்தாள் வேலை. கட்டாயம் ஏறியே ஆக வேண்டிய ரைடுகளை மட்டும் எழுதுவேன், ஆறேழுக்கு மேல் வராது. நாம் போகிற மாதிரியான ஒரு நாளில் ஒவ்வொன்றிலும் மதியம் எவ்வளவு காத்திருக்கிறார்கள் என்று ஒரு வாரம் முன்பிருந்தே பார்க்கின் செயலியில் எட்டிப் பார்ப்பேன். க்யூ-டைம்ஸ் மாதிரியான தளங்களில் பழைய நாட்களின் நேரங்களும் கிடைக்கின்றன. அந்த எண்ணை எழுதி, பதினைந்து நிமிடம் கழிப்பேன், பாஸ் வரிசையிலும் நிற்கத்தானே வேண்டும். மிச்சத்தைக் கூட்டினால் மிச்சமாகும் நேரம். அது இரண்டு மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் யோசிக்கவே மாட்டேன். மூன்றரை, நான்கு மணி நேரம் என்று வந்து, அந்த ஊருக்குத் திரும்ப வரப்போவதில்லை என்றால் வாங்கிவிடுவேன். நடுவில் வந்தால்தான் தலைவலி.

அப்படி நடுவில் வரும்போது ரைடின் ரகத்தைப் பார்ப்பேன். வரிசையின் நீளம் ஏமாற்றும். ஒன்றன்பின் ஒன்றாகப் படகு வந்துகொண்டே இருக்கும் ரைடுகள் மணிக்கு 2,000 பேரைக்கூட விழுங்கும், வரிசை வாசலுக்கு வெளியே வந்திருந்தாலும் கால் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். தட்டு மாதிரி சுற்றும் சின்ன ரைடில் ஒரு சுற்றுக்கு முப்பது பேர் ஏறி, பெல்ட் போட்டு, சுற்றி, இறங்கி, அடுத்தவர்கள் ஏற வேண்டும். அங்கே வரிசை குட்டையாக இருக்கும், நகரவே நகராது. காத்திருக்கும் நேரம் என்பது முன்னால் நிற்கும் தலைகளை, மணிக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதால் வகுத்தால் வருவது. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிரூபித்த வரிசைச் சூத்திரமும் சுருக்கமாக இதுதான். பாஸ் பட்டியலில் படகு ரகம் நிறைய இருந்தால் அதைப் பெரிதாக மதிக்க வேண்டியதில்லை.

அப்புறம் காசில்லாத வழிகள். கதவு திறப்பதற்கு அரை மணி முன்னால் வாசலில் நிற்பவர்கள் முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று பெரிய ரைடு முடித்துவிடுவார்கள், பத்தரைக்கு வரும் என்னைப் போன்றவர்கள் அப்போதுதான் பார்க்கிங்கில் இடம் தேடிக்கொண்டிருப்போம். கடைசி ஒரு மணி நேரமும் அப்படித்தான், பல பார்க்குகளில் மூடும் நேரத்துக்கு முன் வரிசைக்குள் நுழைந்துவிட்டால் ஏற்றிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். பிரிந்து உட்காரத் தயாரென்றால் சில ரைடுகளில் தனிநபர் வரிசை உண்டு, மூன்று பேர் கும்பல் விட்டுப்போகும் நான்காவது இருக்கை நமக்கு. கைக்குழந்தை இருந்தால், ஒரு பெற்றோர் ஏறிவிட்டு வந்ததும் மற்றவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். உடல்நிலை காரணமாக நீண்ட நேரம் நிற்க முடியாதவர்களுக்கும் பெரிய பார்க்குகள் தனி வசதி வைத்திருக்கின்றன. பாஸ் வாங்குவதற்கு முன் அதை விசாரித்துவிடுங்கள்.

இதெல்லாம் தெரிந்தும் வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காத்திருப்பது என்பது கடிகாரக் கணக்கு மட்டும் இல்லையே. டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-இல் வரிசைகளின் உளவியல் பற்றி எழுதிய கட்டுரையில், சும்மா நிற்கும் நேரம் ஏதாவது செய்துகொண்டு நிற்கும் நேரத்தைவிட நீளமாகத் தோன்றும் என்றும், அநியாயமாகத் தோன்றும் காத்திருப்பு இன்னும் நீளமாகத் தோன்றும் என்றும் சொல்கிறார். அந்த ஸ்கேனர் பெண்ணின் உள்ளங்கைக்கு முன்னால் நான் நின்ற கடைசி எட்டு நிமிடம், அதற்கு முந்தைய முக்கால் மணி நேரத்தைவிட நீளம். மைஸ்டர் சொன்னது சரிதான். பையன் அதே எட்டு நிமிடம் எண்ணிக்கொண்டிருந்தான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த பயணத்துக்கு ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். கணக்கு மூன்று மணி நாற்பது நிமிடம் வருகிறது, போவது விடுமுறை நாள், ஒரே ஒரு நாள். ஆனால் நான்கு பாஸ் கிடையாது, இரண்டுதான், பையனுக்கும் எனக்கும். மனைவிக்கு ரோலர் கோஸ்டர் என்றாலே ஆகாது, அவளும் மகளும் தண்ணீர் ரைடுகள் பக்கம் போகிறார்கள். மகளுக்கு மட்டும் இதில் சம்மதமில்லை. கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வாரா வாரம் அளந்துகொண்டிருக்கிறாள். நேற்றைய நிலவரப்படி இன்னும் அரை சென்டிமீட்டர் பாக்கி. அதனால் டிக்கெட் மட்டும் எடுத்திருக்கிறேன், பாஸ் இன்னும் வாங்கவில்லை.