மோட்டார் ஓடியது, தண்டு எழும்பவில்லை

ஒரு முனையில் பேரிங் இல்லாமல், மோட்டாரின் காந்த விசையாலேயே தண்டை அந்தரத்தில் நிறுத்த வேண்டும். இதுதான் என் முதுகலை ப்ராஜெக்ட். கம்பிச்சுருள் வைக்க 18 ஸ்லாட், 6 துருவம், பரப்பில் காந்தம் ஒட்டிய ரோட்டர் (சுழலும் பகுதி). ஸ்டேட்டர் (சுழலாத பகுதி) வைண்டிங் 120 டிகிரி வீதம் மூன்று பிரிவு. ஒவ்வொன்றுக்கும் தனி மூன்று ஃபேஸ், தனி நியூட்ரல் (மூன்று ஃபேஸும் சேரும் புள்ளி), மின்னோட்டம் ஊட்டத் தனி இன்வெர்ட்டர். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்து கட்டுரைகள் எழுதிய அமைப்புதான், நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல.

வைண்டிங்கைக் கோவையில் பம்ப் மோட்டார் ரீவைண்டிங் செய்யும் அண்ணன் ஒருவரிடம் கொடுத்தேன். வரைபடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மூணு நியூட்ரலா? ஒரே கூட்டுக்குள்ள மூணு மோட்டார் சுத்தச் சொல்றீங்க தம்பி" என்றார். அதைவிடச் சுருக்கமாக யாராலும் விளக்க முடியாது.

காற்றிடைவெளியில் காந்தப்புலம் 0.8 டெஸ்லா என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமார் 25 நியூட்டன் விசையில் ரோட்டரை வெளிப்பக்கம் இழுக்கிறது. சுற்றிலும் சமமாக இழுப்பதால் சாதாரண மோட்டாரில் இது வெளியே தெரிவதில்லை. ஒரு பிரிவில் டி அச்சு மின்னோட்டம் (ரோட்டர் காந்தப்புலத்தின் திசையில் வேலைசெய்யும் பங்கு) கொடுத்துப் புலத்தைக் கூட்டி, மற்ற இரண்டில் குறைத்தால், தண்டு அந்தப் பிரிவை நோக்கி இழுபடும். க்யூ அச்சு மின்னோட்டம் (அதற்குச் செங்குத்தான பங்கு) மூன்றிலும் ஒரே அளவு, அது டார்க்குக்கு, அதாவது சுழற்றும் திருப்புவிசைக்கு. கணக்கு இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மாடலிங்கிலேயே முதல் அடி விழுந்தது. வழக்கமாக மோட்டாரில் ஒரு துருவத் துண்டை மட்டும் எடுத்து ஃபைனைட் எலிமெண்ட் கணக்கு (சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் புலத்தைக் கணக்கிடுவது) போட்டால் போதும். இங்கே சமச்சீரைக் குலைப்பதுதான் வேலையே என்பதால் 360 டிகிரியும் போட்டாக வேண்டும். மின்னோட்டம் பூஜ்யம், ரோட்டர் நட்டநடு மையம், ஆனாலும் சில நியூட்டன் விசை காட்டியது. காற்றிடைவெளியில் மெஷ் (அந்தச் சிறு துண்டுகளின் வலை) ஒழுங்கில்லாமல் விழுந்ததுதான் காரணம். ஒரு பிரிவின் மெஷ்ஷையே சுழற்றி நகலெடுத்து, இடைவெளியில் அடுக்குகளைக் கூட்டிய பிறகு அந்தப் பேய் விசை போயிற்று. அப்புறம் ரோட்டர் கோணத்துக்குக் கோணம், ஒரு ஆம்பியருக்கு எந்தத் திசையில் எவ்வளவு விசை என்று அட்டவணை எடுத்தேன். மின்னோட்டம் ஏற ஏற அதன் வர்க்கத்தோடு வளரும் விசையும் தலைகாட்டும். எங்கள் அளவில் அது சிறிது, விட்டுவிட்டேன்.

கன்ட்ரோலரும் சும்மா விடாது. தண்டு மையத்தை விட்டு நகர்ந்தால் அந்தப் பக்க இடைவெளி குறைந்து காந்தம் இன்னும் பலமாக இழுக்கும், எதிர்மறை ஸ்ப்ரிங் மாதிரி. நிலைக்காந்தத்தை மட்டும் நம்பிப் பொருளை நிலையாக மிதக்கவைக்க முடியாது என்று ஏர்ன்ஷா 1842-லேயே காட்டிவிட்டார். ஆகவே சென்சார், பிஐடி (பிழையை அளந்து திருத்திக்கொண்டே இருக்கும் கன்ட்ரோல் முறை), எல்லாம் வேண்டும்.

சரி, சோதனைக்கு வருவோம். முதலில் இரு பக்கமும் சாதாரண பேரிங் போட்டு ஓட்டினேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. டார்க் கணக்கோடு பொருந்தியது. அப்புறம் ஒரு பக்கம் பேரிங்கைக் கழற்றி, 150 மைக்ரான் தளர்வு உள்ள பாதுகாப்பு பேரிங்கை மாட்டி, மோட்டாரைச் சுழலவிடாமல் மிதப்பு கன்ட்ரோலை இயக்கினேன். தண்டு அடியில் கிடந்தது கிடந்தபடி. கெயினை, அதாவது பிழைக்கு எவ்வளவு பலமாகப் பதில் கொடுப்பது என்ற அளவை, கூட்டினேன். மின்னோட்டம் உச்சவரம்பைத் தொட்டது, தண்டு அசையவில்லை. விசை போதவில்லை என்று முடிவுகட்டி இரண்டு வாரம் அட்டவணையைத் தோண்டினேன். மோட்டார்தான் அழகாக ஓடியதே, வயரிங்கை யார் சந்தேகப்படுவார்கள்?

கடைசியில் கன்ட்ரோலை அணைத்துவிட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக டி அச்சு மின்னோட்டம் கொடுத்து, தண்டு எந்தப் பக்கம் போகிறது என்று தாளில் அம்புக்குறி போட்டேன். பிரிவு 1, வலது பக்கம். சரி. பிரிவு 2 இடது மேலே போக வேண்டும். அம்பு இடது கீழே. பிரிவு 3 கொடுத்தால் தண்டு மேலே எழுந்தது! இரண்டாவது, மூன்றாவது இன்வெர்ட்டரின் பிளக்குகளை நான் மாற்றிச் செருகியிருந்தேன்.

3 துருவ ஜோடி உள்ள ரோட்டரில் 120 டிகிரி நகர்வது மின்கோணத்தில் (ஒரு துருவ ஜோடியைக் கடந்தால் 360 டிகிரி என்ற கணக்கில்) முழுச் சுற்று, 360. ஆகவே மூன்று பிரிவுக்கும் ஒரே கோணம்தான். எதை எதோடு மாற்றினாலும் டார்க்கில் எள்ளளவும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டையும் மூன்றையும் மாற்றினால் விசை கண்ணாடியில் தெரிவதுபோல மேல்கீழாகப் புரண்டுவிடும். தண்டைத் தூக்கச் சொன்னால் கீழே அழுத்தியிருக்கிறது. நான் கெயினைக் கூட்டக் கூட்ட இன்னும் விசுவாசமாக அழுத்தியிருக்கிறது. கிடைத்திசைப் பிழை எதுவும் இல்லாததால் திரையிலும் துப்பு கிடைக்கவில்லை.

பிளக்கை மாற்றினேன். டக் என்று ஒரு சத்தம், தண்டு மையத்தில் நின்றது.

அதன்பிறகு ஆறு மின்னோட்டங்களையும் பயன்படுத்தினேன். டார்க், இரு திசை விசை என மூன்று தேவைக்குப் போக மிச்சமிருக்கும் மூன்று சுதந்திரத்தைச் செம்பு இழப்பை (கம்பி சூடாவதில் வீணாகும் மின்சாரத்தை) குறைக்கச் செலவிடலாம். சூடோ-இன்வர்ஸ் என்ற அணிக்கணக்கு அதைத் தானே செய்துவிடுகிறது. சுழலும்போது திரையில் தண்டு சின்ன வட்டம் போடுவது மட்டும் நிற்கவில்லை. அதில் பாதி, தண்டின் பரப்பு சரியான வட்டமாக இல்லாததைச் சென்சார் அசைவு என்று எண்ணிக்கொள்வது. தண்டை மறுபடி கிரைண்டிங்குக்கு அனுப்பியிருக்கிறேன்.