நெற்றி மேடும் நாலு நாள் பயணமும்: 'என்டர்பிரைஸ்' மறுபார்வைக் குறிப்புகள்

ஜனவரி 4

'ஸ்டார் ட்ரெக்: என்டர்பிரைஸ்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் மறுபடியும் முதலிலிருந்து. 4 சீசன், 98 எபிசோட். 1960-களின் முதல் தொடரில் வந்த கேப்டன் கிர்க்கின் காலத்துக்கு நூறு வருஷம் முந்தைய கதை, 2151-ல் தொடங்குகிறது. 2001 செப்டம்பர் 26 அன்று முதல் எபிசோட் வந்தபோது தலைப்பில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற சொல்லே இல்லை. மூன்றாவது சீசனில்தான் ஒட்டவைத்தார்கள். அன்று ரசிகர்கள் கொட்டித் தீர்த்த புகார்களில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

முதல் புகார், டைட்டில் பாட்டு. அதுவரை எல்லாத் தொடருக்கும் வாத்திய இசைதான். இங்கே ரஸ்ஸல் வாட்சன் பாடும் மென்ராக் பாட்டு; அதுவும் 1998-ல் வேறொரு படத்துக்காக ராட் ஸ்டூவர்ட் பாடியது. தூக்கச் சொல்லி மனு போட்டார்கள். மூன்றாவது சீசனில் தாளத்தை மட்டும் முடுக்கிவிட்டார்கள். புளித்த மாவில் உப்பைக் கூட்டின கதை. புகார் நியாயம்தான். ஆனால் ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள்: பாய்மரக் கப்பல், காடர்டின் ராக்கெட், செவ்வாயில் ஓடிய சோஜர்னர் என்று வரிசையாக வரும் காட்சிகள் பிரமாதம்.

ஜனவரி 5

பைலட்டில், அதாவது முதல் எபிசோடில், ஒரு கணக்கு. வார்ப் (ஒளியை மிஞ்சும் வேகத்துக்கான அளவு) 4.5-ல் நெப்டியூன் போய்த் திரும்ப 6 நிமிஷம் என்கிறார் கேப்டன் ஆர்ச்சர். ஒளிக்கே போக வர சுமார் 500 நிமிஷம் ஆகும். அப்படியானால் கப்பலின் வேகம் ஒளியைப்போல் 83 மடங்கு. பழைய தொடரின் எழுத்தாளர் கையேட்டு விதிப்படி வார்ப் எண்ணின் கனம்தான் வேகம்: 4.5-ன் கனம் 91. கிட்டத்தட்ட பொருந்துகிறது! யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அதே எபிசோடில் கிளிங்கான் என்ற வேற்றுக்கிரகப் போர்வீர இனத்தின் தாய்க்கிரகத்துக்கு 4 நாள் பயணம். 91 மடங்கு வேகத்தில் 4 நாள் ஓடினால் கடப்பது ஒரே ஒரு ஒளியாண்டு. நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமே 4.2 ஒளியாண்டு. தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை, பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்கள். காரணம் விளங்காமல் இல்லை: அடிபட்ட கிளிங்கானை வீடு சேர்க்க மாதக்கணக்கில் ஆனால் பைலட் நகராது.

ஜனவரி 11

கப்பல். 'அகிராப்ரைஸ்' என்று கேலிப்பெயர். 1996 ஸ்டார் ட்ரெக் படத்தில் வந்த அகிரா வகைக் கப்பலின் அதே தட்டு, பின்னால் அதே இரட்டைக் கை. 24-ஆம் நூற்றாண்டுக் கப்பல் 22-ல் எப்படி என்பது கேள்வி. என்ஜின் குழல்கள் அகிராவில் கீழே தொங்கும், இங்கே மேலே நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம் என்பார்கள். உள்ளே போனால் கதை வேறு. சக்திக் கவசம் இல்லை, மின்னூட்டிய தகடுதான். இழுவைக் கதிர் இல்லை, கம்பியில் கட்டிய கொக்கிதான். ஆளை நொடியில் இடம் மாற்றும் டிரான்ஸ்போர்ட்டரில் ஏற ஆளுக்கு ஆள் பயம். முன்கதை என்பது இந்தக் கொக்கியில்தான் இருக்கிறது.

ஜனவரி 19

'மைன்ஃபீல்ட்' (2002). எதிரி இனமான ராமுலன்களின் கப்பல் கண்ணெதிரே மறைந்து தோன்றுகிறது. முதல் தொடரின் 1966 எபிசோடில் கிர்க்கின் அதிகாரி ஸ்பாக், மறைதல் கோட்பாட்டளவில் சாத்தியம் என்று ஏதோ புதிதுபோல விளக்குவாரே? நூறு வருஷம் முன்பே பார்த்தாகிவிட்டதே? இந்தப் புகாருக்குப் பதிலே கிடையாது. பைலட்டிலேயே சுலிபான் என்ற இன்னொரு இனத்தாரும் மறைகிறார்கள்.

பிப்ரவரி 8

நெற்றி மேடு. 1960-களில் கிளிங்கான் என்றால் கருமைப் பூச்சும் மீசையும்தான், காசு இல்லை. 1979 படத்தில் காசு வந்தது, மேடும் வந்தது. 1996-ல், பின்னால் வந்த தொடர் ஒன்றிலிருந்து ஒரு பழைய எபிசோடுக்குள் புகுந்த மேட்டு நெற்றிக் கிளிங்கான் வார்ஃபிடம் இதைக் கேட்டபோது, வெளியாரிடம் அதைப் பேசுவதில்லை என்று முடித்துக்கொண்டான்.

2005 பிப்ரவரியில் இரண்டு எபிசோடில் பதில் சொன்னார்கள். மரபணு மாற்றிய மனிதக் கருக்களிலிருந்து எடுத்ததைக் கிளிங்கான்கள் தங்கள் ஆட்கள்மேல் சோதிக்கிறார்கள். ஒரு காய்ச்சலோடு அது கலந்து கொள்ளைநோய் ஆகிறது. என்டர்பிரைஸின் மருத்துவர் ஃப்ளாக்ஸ் முதல் கட்டத்திலேயே நிறுத்துகிறார். உயிர் மிஞ்சுகிறது, மேடு போகிறது. வார்ஃபின் ஜோக்கே போதும் என்றது ஒரு கூட்டம். ஆனால் 1960-களில் வழவழப்பாக வந்த கோர், கோலாத், காங் மூவரும் 1994-ல் மேட்டோடு வந்தார்களே? அதற்கும் ஒரு வரி வைத்திருக்கிறார்கள்: இனி மண்டையோட்டைச் சீரமைக்கும் தொழிலுக்குப் போகலாம் என்கிறார் கிளிங்கான் மருத்துவர். தயாரிப்பாளர் மானி கோட்டோ பொறுப்பேற்ற நாலாவது சீசன் ரசிகர்களுக்குப் பிடித்ததே இப்படி ஓட்டை அடைத்த வேலைக்காகத்தான். பிடிக்க ஆரம்பித்த நேரத்தில், பிப்ரவரி 2 அன்றே, நிறுத்தும் அறிவிப்பு வந்துவிட்டிருந்தது.

பிப்ரவரி 15

கடைசி எபிசோட், 2005 மே 13. முழுக்கதையும், 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் ரைக்கர் ஹோலோடெக்கில் (நிஜம்போலக் காட்சி காட்டும் அறை) ஓட்டிப் பார்ப்பது. அந்தத் தொடரின் 1994 எபிசோட் ஒன்றின் நடுவே நடப்பதாகக் கணக்கு. நடிகர்களுக்கோ 11 வயது கூடியிருக்கிறது. கதை 2161-க்குத் தாவுகிறது, ஆறு வருஷத்தில் கப்பல் அதிகாரிகள் ஹோஷிக்கோ மேவெதருக்கோ ஒரு பதவி உயர்வுகூட இல்லை. என்ஜினியர் ட்ரிப் செத்துப்போகிறான். கிரகங்களின் கூட்டமைப்பு பிறக்கும் நாளில் ஆர்ச்சர் பேச மேடையேறுகிறார், ரைக்கர் நிரலை அணைத்துவிடுகிறார்.

முதல்முறை பார்ப்பவர்கள் அன்றிரவே அதற்கு முன் ஒளிபரப்பான 'டெர்ரா ப்ரைம்' எபிசோடோடு நிறுத்திக்கொள்ளலாம். அதிலும் ஆர்ச்சர் மேடையேறுகிறார். பேச்சு காதில் விழுகிறது.