முனை மழுக்கிய கத்தி

கொக்கிக் கத்திகளின் முனையைத் தேய்த்து உருட்டிவிடச் சொன்னது நான்தான். குழுவில் எல்லோருடைய கத்தியும், யாருக்கும் விலக்கு இல்லாமல். அந்த முடிவு சரிதான் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. அப்புறமும் அண்ணன் அன்று கேட்டது காதை விட்டுப் போகவில்லை. "இழுத்தது யாரு தம்பி, முனையா?"

நடந்தது சின்னதுதான். தொட்டியிலிருந்து எடுத்த மரக்கன்றுகளை நட்டுக்கொண்டிருந்தோம். தொட்டியில் நெடுநாள் இருந்த கன்றுக்கு வேர் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வளர்ந்திருக்கும். அப்படியே நட்டால் மண்ணுக்குள்ளும் வட்டமடித்தே தடிக்கும்; சில வருடம் கழித்து அடிமரத்தையே இறுக்கிவிடும். அதனால் வேர்க்கட்டியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடங்களில் கீறிவிட்டுத்தான் குழியில் இறக்குவோம். புதிதாகச் சேர்ந்த பையன் மண்டியிட்டு, வேர்க்கட்டியை இரண்டு தொடைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கத்தியைத் தன் பக்கமாக இழுத்தான். தடித்த வேர் ஒன்றில் கத்தி சிக்கியது. விடாமல் பலம் கொடுத்து இழுத்தான். வேர் அறுந்த வேகத்தில் கத்தி பாய்ந்து வந்து, தொடையின் உட்பக்கம் கால்சட்டையைக் குத்திக் கிழித்தது. தோலில் ஒரு கீறல், அவ்வளவுதான். மருந்து தடவிக்கொண்டு அடுத்த கன்றை எடுக்கப் போய்விட்டான். எனக்குத்தான் கை நடுங்கியது. தொடையின் உட்பக்கம் பெரிய தமனி ஓடுகிறது. அது அறுபட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். துணியில் ஓட்டை விழுந்திருந்தது அந்தத் தடத்தில்தான்.

மாலையில் கருவிகளைக் கழுவி வைக்கும்போது சொன்னேன், எல்லாக் கத்தியின் முனையையும் எடுத்துவிடலாம் என்று. அண்ணன் பையனின் கத்தியை வாங்கிப் பார்த்தார். முனையை அவர் பார்க்கவே இல்லை. வளைவின் நடுப்பகுதியைத் தன் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்தார். கூர் இருந்தால் நகத்தில் கடித்து நிற்கும். இது வழுக்கிக்கொண்டு போனது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "நடுவுல மழுங்கிக் கிடக்கு. மழுங்கின கத்தியைத்தான் இப்படிப் பிடிச்சு இழுக்கணும். கூரா இருந்திருந்தா வேர் தானா விட்டிருக்கும்."

"இழுத்தது கைதான் அண்ணே. குத்தினது முனை" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. இடுப்பிலிருந்து தன் கத்தியை உறையோடு கழற்றி, பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினார். "அப்போ இதையும் சேர்த்து எடுத்துக்குங்க."

அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. கோபமாகச் சொன்னாரா? குரல் உயரவில்லை. சம்மதித்துச் சொன்னாரா? சம்மதிக்கிறவர் முகம் அப்படி இருக்காது. எல்லோருக்கும் ஒரே விதி என்று நான் சொன்னதை மதித்து, முதல் ஆளாகத் தன்னுடையதைக் கொடுத்தார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். சில நாள் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். மற்ற நாட்களில், "வேண்டாம் அண்ணே, உங்க கத்தி இருக்கட்டும்" என்று நான் சொல்வதற்காக அவர் ஒரு நொடி காத்திருந்தார் என்று படுகிறது.

அவர் சொன்னதில் இருக்கும் நியாயம் எனக்குத் தெரியாததில்லை. நேரான கத்தியில் கயிற்றை வைத்து இழுத்தால் கயிறு முனைப் பக்கம் நழுவப் பார்க்கும். கொக்கிக் கத்தியில் கூர் இருப்பது உள்வளைவில். அறுபடும் பொருள் அந்தக் குழிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். இழுக்க இழுக்க வெளியே போக வழி கிடையாது. அதனால்தான் சொட்டுநீர்க் குழாய், சாக்கு, சணல், பச்சைத் தண்டு எல்லாவற்றையும் மணிக்கட்டின் சின்ன இழுப்பிலேயே அறுத்துவிடுகிறது. ஆனால் உள்வளைவு மழுங்கினால் அதே குழி பொறியாகிவிடும். பொருள் அறுபடாது, நழுவவும் நழுவாது. கையில் பலம் ஏறிக்கொண்டே போய் ஒரே நொடியில் விடுபடும். பையனுக்கு நடந்தது அதுதான்.

மழுங்குவதற்கும் காரணம் உண்டு. இந்த வளைவைத் தட்டைக் கல்லில் தீட்ட முடியாது. கல் முனையைத் தொடும், அடிப்பகுதியைத் தொடும், நடுவைத் தொடாது. உருண்டையான பீங்கான் கம்பி வேண்டும், இல்லையென்றால் உருளைக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்க வேண்டும். அண்ணன் இரண்டாவது முறைக்காரர். வேலை முடிந்ததும் முதலில் பிசினைத் துடைப்பார். அப்புறம் கட்டையை உள்வளைவில் வைத்து, அடியிலிருந்து முனை வரை ஒரே சாய்வில் கொண்டுபோவார். எங்கள் கத்திகளில் ஒரு பக்கம்தான் சாய்வு. மறுபக்கத்தைத் தீட்டக் கூடாது. தீட்டும்போது எழும் பிசிரை எடுக்க ஒரு தடவல் மட்டும். கடைசியில் இரண்டு சொட்டு எண்ணெய். இதில் ஒரு நாளைக்கூட அவர் விட்டுப் பார்த்ததில்லை. பொதுப் பெட்டியில் கிடந்த கத்திகளுக்கு அப்படி யாரும் இல்லை. பையன் எடுத்தது அந்தப் பெட்டியிலிருந்து.

அப்படியானால் கூரைச் சரிசெய்தால் போதுமே, முனையை ஏன் தொட வேண்டும்? இங்கேதான் நான் என் பக்கம் சாய்கிறேன். கூர் என்பது தினமும் ஒருவர் மெனக்கெட வேண்டிய காரியம். காலையில் இருக்கும் கூர் மாலையில் இருக்காது. வேர்க்கட்டியில் ஒரு கல் பட்டால் பத்து நிமிடம்கூடத் தாங்காது. முனையை ஒரு தடவை உருட்டிவிட்டால் யார் மறந்தாலும், யார் சோர்ந்திருந்தாலும் அது உருண்டேதான் இருக்கும். கையுறை கொடுத்திருக்கிறேனே என்று விட்டுவிடவும் முடியாது. வெட்டைத் தாங்குவது வேறு, குத்தைத் தாங்குவது வேறு. ஐரோப்பியத் தரமான ஈஎன் 388 இரண்டையும் தனித்தனியாகத்தான் சோதிக்கச் சொல்கிறது. வெட்டில் நல்ல தரம் வாங்கிய பின்னல் கையுறையில் கூரான முனை இழைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம். அதுவும் கைக்கு மட்டும்தான். தொடைக்கு யார் உறை போட்டார்கள்?

மடக்குக் கத்திக்கு மாறலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்கு நானும் அண்ணனும் சேர்ந்தே மறுத்தோம். இணைப்பில் மண்ணும் பிசினும் புகுந்து பூட்டு சரியாக விழாமல் போனால் கத்தி விரல் மேலேயே மூடும். ஈர மண்ணில் நாள் முழுக்கப் புழங்கும் வேலைக்கு மடங்காத கத்திதான். அதில் எங்களுக்குள் பேச்சே இல்லை.

முனையை எடுக்கும் வேலையையும் நானே செய்தேன். சாணை இயந்திரத்தில் அழுத்திப் பிடித்தால் எஃகு நீலம் பூத்துவிடும். நீலம் பூத்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அதனால் ஒரு நொடி தொட்டு, தண்ணீரில் முக்கி, மறுபடி தொட்டு என்று போக வேண்டும். சுமார் 5 மில்லிமீட்டர் போனது. அண்ணனின் கத்திக்கு மட்டும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டேன். அவர் தீட்டி வைத்திருந்த உள்வளைவில் சாணை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்ற கவனம். அந்தக் கவனத்தை அவர் பார்த்தாரா, தெரியாது.

முனை இல்லாமல் போனதில் என்ன போனது என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. களை விரிப்பு பெரிய சிக்கலாகவில்லை. முன்பு முனையால் குத்தித் தொடங்குவோம். இப்போது விரிப்பை மடித்து, மடிப்பில் உள்வளைவை வைத்து இழுக்கிறோம். நன்றாகவே அறுபடுகிறது. சிக்கல் மரத்தைக் கட்டிய நாடாவில் வந்தது. கன்றை முட்டுக்கோலோடு கட்டிய நாடாவை உரிய காலத்தில் எடுக்காவிட்டால் மரம் பருத்து அது மரப்பட்டைக்குள் பதிய ஆரம்பிக்கும். இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்குவது மரப்பட்டையின் உட்புறம் வழியாகத்தான். சுற்றிலும் இறுகினால் அந்த வழி அடைபட்டு வேர் பட்டினி கிடக்கும். அண்ணன் கொக்கிக் கத்தியின் முனையை அந்த இறுக்கத்துக்கும் மரத்துக்கும் நடுவே நுழைப்பார். கத்தியின் முதுகு மரத்தின் பக்கம், கூர் வெளிப்பக்கம். வளைந்த முதுகு மரப்பட்டையின் மேல் வழுக்கிப் போகும், ஒரு கீறல் விழாது. வெளியே ஒரு இழுப்பு, கட்டு விழுந்துவிடும். உருட்டிய முனை அந்த இடுக்கில் நுழைவதில்லை. அழுத்தி நுழைத்தால் மரப்பட்டை நசுங்குகிறது. மரத்தைக் காப்பாற்றப் போய் மரத்தையே காயப்படுத்துகிறோம். இதை நினைக்கும்போது மட்டும் எனக்கு என் முடிவின் மேல் கோபம் வருகிறது.

ரோமானியர் கொலுமெல்லா முதல் நூற்றாண்டிலேயே திராட்சைக் கவாத்துக் கத்தியைப் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதியிருக்கிறார். அழுத்தி வெட்ட ஒரு பகுதி, பின்னால் இழுத்து அறுக்க உள்வளைவு, ஓங்கிக் கொத்த முதுகுப்புறக் கோடரி, குறுகலான இடத்தைச் சுத்தம் செய்ய முனை. படித்தபோது அண்ணன் எதிரே உட்கார்ந்து பேசுவது போலவே இருந்தது. குறுகலான இடத்துக்கு முனைதான். 19ஆம் நூற்றாண்டில் கவாத்துக் கத்தரி பரவிய பிறகு கிளை வெட்டும் வேலை பெரும்பாலும் கத்தியிடமிருந்து போய்விட்டது. குறுகலான இடம் மட்டும் போகவில்லை.

இந்த நியாயங்களையெல்லாம் அண்ணன் ஒருநாளும் என்னிடம் எடுத்து வைக்கவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. தேய்த்த கத்தியை வாங்கிக்கொண்டார், உறையில் போட்டார், அதன் பிறகு அதை அதிகம் எடுப்பதில்லை. கத்தரியும் சின்ன ரம்பமும் வைத்துச் சமாளிக்கிறார். கட்டு பதிந்த மரம் வந்தால் ரம்பத்தால் பொறுமையாக, நூல் நூலாக அறுக்கிறார். நேரம் ஆகிறது. நான் பக்கத்தில் போய் நின்றால், "ஆயிடும் தம்பி" என்கிறார். மரியாதை குறையவில்லை, பேச்சு குறையவில்லை. ஆனால் முன்பெல்லாம் ஒரு வேலையை எப்படிச் செய்யலாம் என்று அவரே வந்து சொல்வார். இப்போது நான் கேட்டால்தான் சொல்கிறார்.

அவருக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கலாமோ? அன்று அது எனக்குத் தோன்றாமல் இல்லை. புதியவர்கள் நான் சொல்வதைக் கேட்டு வேலை பழகுவதில்லை, அண்ணன் கையைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். அவர் இடுப்பில் கூர்முனைக் கத்தி இருந்தால் எல்லோருக்கும் அதுதான் வேண்டும். அந்தக் காரணத்தை இன்றும் மறுக்க என்னால் முடியவில்லை.

அதற்குப் பிறகு யாருக்கும் அப்படி நடக்கவில்லை. இதையே என் முடிவுக்குச் சாட்சியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றால், அதுவும் முழுதாக நிற்கவில்லை. முனைகளைத் தேய்த்த அதே வாரத்தில் பையன் அண்ணனிடம் போய்த் தீட்டக் கற்றுக்கொடுக்கச் சொன்னான். இப்போது பொதுப் பெட்டியில் இருக்கும் எல்லாக் கத்தியையும் மாலையில் அவன்தான் தீட்டுகிறான். வேர்க்கட்டியைத் தொடைக்கு நடுவே வைப்பதையும் அவர்தான் நிறுத்த வைத்தார்: தரையில் சாய்த்து, பக்கவாட்டில் நின்று, உடம்பைத் தாண்டி வெளியே போகும்படி இழு என்று. காப்பாற்றியது உருண்ட முனையா, கூரா, நிற்கிற விதமா? மூன்றும் ஒன்றாக மாறியபின் எதைப் பிரித்துச் சொல்வது?

தேய்ந்துபோன சில கத்திகளுக்கு மாற்று வந்திருக்கிறது. எல்லாம் முனையோடு. இன்னும் சாணையில் வைக்கவில்லை. ஒன்றை மட்டும் அப்படியே அண்ணனிடம் கொடுத்து, கட்டு அறுக்கும் வேலைக்கு மட்டும் என்று சொல்லலாமா என யோசிக்கிறேன். வாங்கிக்கொள்வாரா என்பது ஒரு பக்கம். கொடுத்தால் பையன் வந்து எனக்கு ஏன் இல்லை என்று கேட்பான். உனக்கு இன்னும் கை படியவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் நேற்று அவன் தீட்டிய கத்தியை என் நகத்தில் வைத்துப் பார்த்தேன். கடித்து நின்றது.